மலை இல்லாத ஊரில் மலை தேடுவது எப்படி?

கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ கையில வச்சுக்கிட்டுப் படிங்க.

பிரான்ஸ்ல நீஸ் நகரத்துக்கும் மொனாக்கோவுக்கும் நடுவுல ஏஸ்னு ஒரு ஊர் இருக்கு. கடலை ஒட்டி நானூறு மீட்டருக்கு மேல செங்குத்தா நிக்கிற ஒரு பாறை. அதோட உச்சியில இடைக்காலத்துல கட்டின குட்டியூண்டு கிராமம். கல் வீடு, கல் சந்து, கல் படிக்கட்டு. எல்லாத்துக்கும் மேல இடிஞ்ச கோட்டை ஒண்ணு. 1706-ல பதினாலாம் லூயி ராஜாவோட படை இடிச்சது. அந்த இடிபாட்டுக்குள்ள இப்போ கள்ளிச்செடித் தோட்டம் போட்டு, டிக்கெட் வாங்கிட்டு உள்ள விடுறாங்க. கீழ எட்டிப் பார்த்தா நீலக் கடல்.

காரைக்கால்காரங்களுக்கு இந்த மாதிரி ஊரெல்லாம் போட்டோவுல பழக்கம். 1739-லேர்ந்து 1954 வரைக்கும் பிரெஞ்சுக்காரன்கிட்ட இருந்த ஊரு நம்மளது. 1962-ல சட்டப்படி இந்தியாவோட சேர்ந்தப்போ பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்க நிறைய. இன்னிக்கும் பல தெருவுல பாரீஸ் மாமா, மார்செய் பெரியப்பா உண்டு. லீவுக்கு வந்தா ரெண்டு நாள்ல போரடிச்சுப் போயி கேக்குற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். "இங்க பாக்குறதுக்கு என்னப்பா இருக்கு?"

நம்மாளுங்களும் பதில் தெரியாம தலையைச் சொறிவாங்க. வெளியூர்க்காரங்களுக்கோ காரைக்கால்னா ரெண்டே மேட்டர்தான். ஒண்ணு திருநள்ளாறு சனீஸ்வரன். இன்னொண்ணு தமிழ்நாட்டைவிட விலை கம்மியா கிடைக்கிற சரக்கு. முதல் கூட்டம் நளதீர்த்தத்துல முங்கி எந்திரிச்சு, போட்டிருந்த துணியை விட்டுட்டுப் போகுது. ரெண்டாவது கூட்டம்... சரி விடுங்க, அது வேற பதிவு :-)

நான் சொல்ல வர்றது இதுதான். கடலைப் பார்த்துக்கிட்டு உயரத்துல நிக்கிற இடைக்கால ஊர் நம்ம பக்கமும் இருக்கு. மலைதான் இல்லை. மலையில்லாத ஊர்க்காரன் மலையைக் கையால கட்டினான். அதை நாம மலைன்னு பாக்கப் பழகலை. பழகாததால அதைக் காப்பாத்தவும் தோணலை.

முதல்ல தரையைப் பத்தி ரெண்டு வார்த்தை. காவிரி டெல்டாவோட கடலோரத்துல உள்ள இந்தப் பக்கம் பூரா வண்டல். அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, நூலாறு, திருமலைராஜனாறுன்னு காவிரியோட பிள்ளைகுட்டிங்க எல்லாம் இந்தத் துண்டு நிலத்துக்குள்ளதான் கடலுக்குப் போறாங்க. கடல் மட்டத்துக்கு மேல சில மீட்டர்தான் ஊரு. எவ்வளவு தோண்டினாலும் களிமண்ணும் மணலும்தான் வரும், பாறை வராது. கோயிலுக்கு ஒரு தூண் வேணும்னாக்கூட மேற்க ரொம்ப தூரத்துலேர்ந்து கல்லைக் கொண்டு வரணும்.

இதுல ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும். ஏஸ்ல வீடே பாறையிலேர்ந்து வெட்டின கல்லு. அதனால எழுநூறு வருஷம் கழிச்சும் வீடு நிக்குது. இங்க வீடு மண்சுவர், பனங்கை, கீத்து. வசதி இருந்தா செங்கல்லும் சுண்ணாம்பும். அம்பது வருஷம் தாங்கினா பெரிய விஷயம். உப்புக்காத்து, வெள்ளம், கரையான்னு எல்லாம் சேர்ந்து மென்னு துப்பிடும். அதனால "இங்க பழைய ஊரே இல்லையே"ன்னு சொன்னா அது தப்பு. வீடுதான் போச்சு, ஊரு போகலை. தெரு அதே தெரு, குளம் அதே குளம், கோயில் அதே இடம். தெருவுக்குத் தெரு திண்ணை வச்சு நாலு படி ஏறிப் போற பழைய வீட்டைப் பாருங்க, அந்த நாலு படிதான் நம்ம ஊரு மலையோட அடிவாரம்!

இப்போ மலைக்கு வர்றேன்.

கோச்செங்கட் சோழன் கதை கேட்டிருப்பீங்க. போன ஜென்மத்துல சிலந்தி. திருவானைக்காவுல சிவலிங்கத்து மேல இலை விழாம வலை பின்னுச்சாம். அங்கேயே பூஜை பண்ணின யானை அந்த வலையைப் பிச்சுப் போட, ரெண்டுக்கும் சண்டை வந்து ரெண்டுமே செத்துப் போச்சு. சிலந்தி மறுஜென்மத்துல சோழ ராஜாவா பொறந்து, யானை ஏற முடியாத மாதிரி உசரமான மாடத்து மேல கோயிலாக் கட்டித் தள்ளினாராம். அதான் மாடக்கோயில். கணக்கு 78-ன்னு அப்பர் பாட்டு சொல்லுது. திருமங்கையாழ்வார் 70-ன்னு சொல்றார். ஏழாம் நூற்றாண்டுலயே அது பழைய கதைன்னா, ஆளு அதுக்கும் முன்னாடி வாழ்ந்தவர்.

கதை சூப்பர். ஆனா மேப்பை விரிச்சு வச்சு இந்தக் கோயில்ல பலது எங்க இருக்குன்னு பாருங்க. நாகப்பட்டினம் பக்கத்துல சிக்கல், கீழ்வேளூர். பூந்தோட்டம் பக்கத்துல அம்பர். அப்புறம் நன்னிலம். எல்லாம் காவிரி வாய்க்கால் பிரிஞ்சு பிரிஞ்சு ஓடுற, வெள்ளம் வந்தா ஒரு வாரம் வடியாத பூமி. இன்ஜினியரிங் படிச்சவன் மூளைக்கு யானையைவிட வெள்ளம்தான் முதல்ல தெரியுது. என்கூட ரூம்ல இருந்த சிவில் பையன் இதைக் கேட்டுட்டு ஒரே வரியில சொன்னான்: "மச்சி, ராஜா பேஸ்மட்டம் ஏத்தியிருக்காரு." அவ்வளவுதான் விஷயம். நாம வீடு கட்டும்போது மேஸ்திரிகிட்ட "ரோட்டுலேர்ந்து மூணடி பேஸ்மட்டம் ஏத்துங்க"ன்னு சொல்றோம்ல, அதையே சோழன் ஒரு மாடி உசரத்துக்குப் பண்ணியிருக்கார். இது என் ஊகம்தான். பக்தர்கள் கோச்சுக்க வேண்டாம், யானைக் கதையையும் வச்சுக்கலாம்.

ஊகத்துக்குத் துணையா சீர்காழியைக் கூப்பிடுறேன். அந்தக் கோயில்ல மூணு அடுக்கு. கீழ பிரம்மபுரீசர், அதுக்கு மேல கட்டுமலையில தோணியப்பர், அதுக்கும் மேல சட்டைநாதர். தலபுராணம் என்ன சொல்லுது? பிரளயத்துல உலகமே முழுகினப்போ சிவன் அம்மாவோட தோணியில வந்தார், முழுகாம நின்ன இடம் இதுதான், அதனால தோணிபுரம். கடலோரத்து ஜனங்களோட பயம், ஆசை ரெண்டும் அந்தக் கதைக்குள்ள இருக்கு. "தண்ணி வரும். வந்தா ஏறி நிக்க ஒரு இடம் வேணும்." அவங்க அதைப் புராணமாவும் எழுதி வச்சாங்க, செங்கல்லாலயும் கட்டி வச்சாங்க.

சுவாமிமலையும் அப்படித்தானே? முருகனுக்கு மலை வேணும். கும்பகோணம் பக்கத்துல மலைக்கு எங்க போறது? கட்டிட்டாங்க! அறுபது படி, தமிழ் வருஷம் அறுபதுக்கும் ஒண்ணொண்ணு. அறுபடை வீட்டுல ஒண்ணே செயற்கை மலைன்னா பாத்துக்குங்க. மலையே இல்லாத எங்க காரைக்கால்ல பொறந்த அம்மையார் கைலாயத்துக்குத் தலையால நடந்து போனதும் இதே வகைதான்னு எனக்குத் தோணும். இல்லாத ஒண்ணு மேல ஜனங்களுக்கு இருக்குற ஏக்கமே தனி.

அடுத்து திருமலைராயன்பட்டினம். காரைக்காலுக்குத் தெற்க பஸ்ல ஏறினா டிக்கெட் எடுத்து முடிக்கிறதுக்குள்ள வந்துடும். பேர்லயே மலை இருக்கு, ஊர்ல தேடாதீங்க. பதினஞ்சாம் நூற்றாண்டுல இந்தப் பக்கத்தை ஆண்ட விஜயநகர காலத்துத் தலைவர் திருமலைராயனோட பேரு அது. ஊரு, பக்கத்துல ஓடுற ஆறு ரெண்டுக்கும் அவர் பேருதான். ஆறு இருக்கு, கடல் இருக்கு, பட்டினம்னு பேரும் இருக்கு. துறைமுக ஊருக்கு வேற என்ன வேணும்?

இங்கதான் காளமேகப் புலவர் வந்து அதிமதுரக் கவிராயரோட மல்லுக்கட்டினார். கீழ நெருப்பு, கழுத்தைச் சுத்திக் கத்தின்னு எமகண்டம் பாடி ஜெயிச்சும் ராயன் மரியாதை பண்ணலை. கோவத்துல புலவர் வசை பாடி, ஊரு மண்மாரி பெஞ்சு அழிஞ்சு போகட்டும்னு சாபம் விட்டாராம். அந்த மண்மாரியிலதான் பழைய ஊரு புதைஞ்சு போச்சுன்னு இன்னிக்கும் சொல்லுவாங்க.

மண்மாரியை நான் சாபமா எடுத்துக்கலை. ஆத்து முகத்துவாரம் மணல் மூடி அடைஞ்சு போறது, வெள்ளம் வண்டலைக் கொண்டாந்து போடுறது, காத்து தேரி மணலை ஊருக்குள்ள தள்ளுறது இதெல்லாம் டெல்டாக் கரையில நடக்குற சமாச்சாரம். பட்டினம்னு பேர் வச்ச ஊருக்கு அதுக்கு மேல சாபமே தேவையில்லை. ஒரு ஊரோட அழிவை ஜனங்க ஞாபகம் வச்சுக்கணும்னா புவியியல் பாடத்தைவிட புலவர் சாபம்தான் நல்லா ஒட்டும். அதே ஊர்ல மாசி மகத்தன்னிக்குக் கடற்கரைக்குப் போங்க. திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்கு இங்க வருவார். மீனவ ஜனங்க அவரை "மாப்பிள்ளே"ன்னு உரிமையாக் கூப்பிட்டு வரவேற்பாங்க. பத்மினி நாச்சியார் மீனவ ராஜா பொண்ணு, அந்த வகையில மாப்பிள்ளை முறை. கல்கட்டடம் எதுவும் மிச்சமில்லாத ஊர்ல இடைக்காலம் இப்படித்தான் உயிரோட இருக்கு. இதை எந்தக் கோட்டை இடிபாட்டுலயும் டிக்கெட் வாங்கிப் பாக்க முடியாது.

இன்னொரு கோணமும் இருக்கு. ஏஸ் மாதிரி ஊர்ல உசரத்துலேர்ந்து கடலைப் பாக்குறோம். நம்ம கரையில உசரங்கிறது கடல்லேர்ந்து பாக்குறவனுக்கு. தட்டையான கரையில எந்த ஊரு எங்கன்னு கட்டுமரத்துல இருக்குறவனுக்கு எப்படித் தெரியும்? ஏதாவது ஒண்ணு நிமிர்ந்து நிக்கணும். நாகப்பட்டினத்துல ஸ்ரீவிஜய ராஜா பேர்ல சூடாமணி விகாரம் எழும்பினதும், ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் கிராமத்தை அதுக்குக் கொடுத்ததும் பதினோராம் நூற்றாண்டு ஆரம்பம். லைடன் செப்பேடுன்னு சொல்றாங்களே, அது இந்தக் கதைதான். அந்த ஊர்ல மூணு நிலைச் செங்கல் கோபுரம் ஒண்ணு பத்தொன்பதாம் நூற்றாண்டு வரைக்கும் நின்னுச்சு. கப்பல்காரங்களுக்கு அதுதான் அடையாளம். பாழடைஞ்சு போச்சுன்னு சொல்லி 1867-ல இடிச்சுட்டாங்க.

அந்த வேலையை நாகூர் தர்கா மனோரா பார்த்துச்சு. அஞ்சு மனோராவுல பெரியது 131 அடி. தஞ்சாவூர் மராட்டிய ராஜா பிரதாப சிங் கட்டிக் கொடுத்தது. புத்த விகாரம், சிவன் கோயில் மாடம், தர்கா மனோரான்னு மதம் மாறிக்கிட்டே இருந்தாலும் தேவை மாறலை பாருங்க. உசரமா ஒண்ணு வேணும். வெள்ளம் வந்தா ஏற, கடல்லேர்ந்து பார்த்து வீடு திரும்ப.

சரி, இதெல்லாம் பழைய பெருமை, இப்ப என்னங்கிறீங்களா? இனிமேதான் நான் எழுத உட்கார்ந்த விஷயமே.

காரைக்கால் கடற்கரைக் கிராமங்க பேரை வடக்கேர்ந்து தெற்கா சொல்லிப் பாருங்க. கோட்டுச்சேரிமேடு, காசாக்குடிமேடு, கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு... எல்லாம் மேடு! கடல் தள்ளித் தள்ளிக் குவிச்ச மணல் மேட்டுல ஜனங்க குடியேறியிருக்காங்க. பின்னாடி பள்ளம், உப்பங்கழி, வயல். முன்னாடி கடல். நடுவுல நாலடியோ ஆறடியோ உசந்த மணல் முதுகு. அதுதான் நம்ம மலைக்கிராமம். பேர் வச்சவன் முட்டாள் இல்லை. எங்க வீடு கட்டலாம், எங்க கட்டக்கூடாதுன்னு பேர்லயே எழுதி வச்சுட்டுப் போயிருக்கான்.

2004 டிசம்பர் 26. எழுதவே கை வர மாட்டேங்குது. நாகப்பட்டினம் மாவட்டத்துல ஆறாயிரத்துக்கும் மேல, காரைக்கால் பகுதியில மட்டும் நானூறுக்கும் மேல உயிர் போச்சு. அன்னிக்கு வந்த அலை முன்னோர் கணக்குப் போட்ட உசரத்தையெல்லாம் தாண்டி வந்தது. மேடு இருந்தும் போச்சு, உண்மை. ஆனா அதே அன்னிக்கு வேதாரண்யம் பக்கத்துல நாலுவேதபதியில என்ன நடந்ததுன்னு படிச்சிருப்பீங்க. 2002-ல அந்த ஊர்ல கின்னஸ் சாதனைக்காக எண்பதாயிரத்துக்கு மேல மரக்கன்னு நட்டாங்க. அந்த மரவரிசை அலையோட வேகத்தை வாங்கிக்கிட்டதால ஊருக்குச் சேதம் கம்மி. மணல் குன்றும் மரமும் இருந்த இடத்துல அடி குறைவு, வழிச்சு எடுத்த இடத்துல அடி அதிகம். அதுக்கப்புறம் வந்த ஆய்வுங்க பலதும் இதைத்தான் சொல்லுது. நம்ம தாத்தாவுக்கு ஆய்வு இல்லாமலே தெரிஞ்ச விஷயம்.

இதுக்கப்புறமும் நாம என்ன பண்றோம்? மணல் மேட்டைப் பார்த்தா நமக்கு ரெண்டுதான் தோணுது. ஒண்ணு, டிராக்டர்ல அள்ளலாம். ரெண்டு, சமமாக்கிப் பிளாட் போடலாம், இல்லன்னா பீச்சுல நடைபாதை, கலர் லைட்டு. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 2011-லயும் 2019-லயும் மணல் குன்றுகளை ரொம்பக் கறாரான வகையிலதான் சேர்த்திருக்கு. பேப்பர்ல பாதுகாப்பு உண்டு. ஆனா இதை மேடுன்னு பாக்குற கண்ணு இல்லாம பேப்பர் என்ன பண்ணும்?

இன்னொரு பக்கம் தரையே முன்ன மாதிரி இல்லை. காவிரி கொண்டாந்து போடுற வண்டல்தான் டெல்டாவுக்குத் தீனி. 1934-ல மேட்டூர் அணை வந்தப்புறம் அந்தத் தீனி குறைஞ்சு போச்சு. கடல் மட்டமோ ஏறிக்கிட்டே இருக்கு. நம்ப முடியலைன்னா வடக்க பதினஞ்சு கிலோமீட்டர் போயி தரங்கம்பாடி மாசிலாமணிநாதர் கோயிலைப் பாருங்க. பதினாலாம் நூற்றாண்டு ஆரம்பத்துல மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துல எழும்பின கோயில். முன்பக்கத்தைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாத் தின்னுடுச்சு. டேனிஷ்காரன் 1620-ல கட்ட ஆரம்பிச்ச டேன்ஸ்போர்க் கோட்டை கூப்பிடு தூரத்துல பத்திரமா இருக்கு. வர்றவங்க கோட்டை முன்னாடி போட்டோ எடுத்துக்கிட்டுக் கிளம்பிடுறாங்க. அதைவிட முந்நூறு வருஷம் மூத்த கோயில் அலை வாயில நிக்கிறது பல பேர் கண்ணுக்கே படுறதில்லை.

அதனால என் கருத்து இவ்வளவுதான். காரைக்கால் பக்கம் வந்தா சனிபகவானைக் கும்பிட்டுட்டு அப்படியே பஸ் ஏறாதீங்க. ஒரு நாள் கூட ஒதுக்குங்க. காலையில சிக்கல்ல மாடக்கோயில் படி ஏறுங்க. ஏறும்போது சுத்தி இருக்குற வயல் எவ்வளவு கீழ போகுதுன்னு கவனிங்க. அப்படியே நாகூர் வந்து பெரிய மனோராவை அண்ணாந்து பாருங்க. மதியத்துக்கு மேல திருமலைராயன்பட்டினம் பழைய தெருவுல நடங்க, திண்ணைப் படிங்களை எண்ணுங்க. சாயங்காலம் கிளிஞ்சல்மேட்டுல கடலுக்கு முதுகைக் காட்டி நின்னு ஊரைப் பாருங்க. எங்க ஏறுது, எங்க இறங்குதுன்னு கண்ணுக்குத் தெரியும். தரங்கம்பாடிக்கு அடுத்த நாள். எல்லாம் டவுன் பஸ் போற தூரம். கள்ளிச்செடி கிடையாது, டிக்கெட்டும் கிடையாது.

ஏஸ்காரன் ஊரைக் காப்பாத்துறது அவனுக்குச் சுலபம். பாறையை யாரும் டிராக்டர்ல அள்ளிட்டுப் போக முடியாது. நம்ம மலை மணல்லயும் செங்கல்லயும் கட்டினது. ஒரு ராத்திரியில காணாமப் போகக் கூடியது. அதனால அவனைவிட நமக்குத்தான் கவனம் அதிகம் வேணும். பஞ்சாயத்துல மேட்டைச் சமப்படுத்தப் போறோம்னு யாராவது சொன்னா, "அண்ணே, இதுக்கு எதுக்கு மேடுன்னு பேர் வச்சாங்க?"ன்னு ஒரு கேள்வியாவது கேளுங்க. கோயில் திருப்பணின்னு சொல்லி கட்டுமலையைச் சுத்தி சிமெண்ட் தரையை ஏத்தி ஏத்தி, நாலு படியை முழுங்கினா அதையும் கேளுங்க.

சக பதிவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டெல்டாக்காரங்க, கடலோரத்துக்காரங்க இங்க நிறைய பேர் இருக்கீங்க. உங்க ஊர்லயும் ஒரு மேடு, ஒரு திடல், ஒரு திட்டு இருக்கும். வெள்ளம் வந்தா மாட்டை ஓட்டிக்கிட்டுப் போயி நிக்கிற இடம்னு உங்க ஆயா சொல்லியிருப்பாங்க. அது எங்க இருக்கு, இப்ப அங்க என்ன இருக்குன்னு ஆளுக்கு ஒரு பதிவு போடுங்க. போட்டோவோட போட்டா இன்னும் நல்லது.

டிஸ்கி: கோச்செங்கட் சோழனை பேஸ்மட்ட மேஸ்திரின்னு சொன்னதுக்கு சண்டை போட நினைக்கிறவங்க தாராளமா வரலாம். திருநள்ளாறு பக்கத்துல நல்ல டீக்கடை தெரியும், உட்கார்ந்து பேசுவோம் :-)